மூன்றில் இரண்டு பங்கா, பாதிக்கு மேலா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 2009 ஆகஸ்டில் மினியாபொலிஸ் நகரில் கூடி, தன்பாலின இணையரோடு வாழ்பவர்கள் போதகர்களாகலாம் என்று முடிவெடுத்தது. இன்றுவரை அதைப் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். பெயர் நீளம் என்பதால் அந்தத் திருச்சபையை இஎல்சிஏ என்றே எழுதுகிறோம்.

கே: 2009இல் அவர்கள் தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்கிறார் எங்கள் சபை ஐயர். சரிதானா? – ஒரு வாசகர், தரங்கம்பாடி

ப: சரியல்ல. அந்த மாநாட்டில் திருமண ஆராதனை முறைமை எதுவும் நிறைவேறவில்லை. நடந்தது இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விவாதம் வீணாகிறது.

ஒன்று, ‘மனிதப் பாலியல்: ஈவும் நம்பிக்கையும்’ என்ற சமூக அறிக்கை. திருமணம், குடும்பம், குழந்தைகளின் பாதுகாப்பு, பாலியல் சுரண்டல், திருமணமாகாமல் சேர்ந்து வாழ்வது என எல்லாவற்றையும் பேசும் ஆவணம் அது. தன்பாலீர்ப்பு அதில் ஒரு பகுதிதான். மற்றொன்று, குருமார் நடத்தை விதி பற்றிய நான்கு தீர்மானங்கள். 1990இல் வகுத்த பழைய விதிப்படி, தன்பாலீர்ப்புடைய ஒருவர் போதகராக இருக்கலாம். ஆனால் துணையோடு வாழக் கூடாது. ‘இருக்கலாம், வாழக் கூடாது’ என்ற இந்த இடைவெளியில்தான் 20 வருடப் போராட்டமும் நடந்தது. 2009 அதை மாற்றியது. ஊரறியப் பொறுப்பேற்று, வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கு ஒருவர் மட்டுமே என்று வாழும் இணையரும் ஊழியம் செய்யலாம் என்றது.

எல்லோருக்கும் விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்று எழுதிய வாசகர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. விபசாரம், கண்டபடி உறவு, பிறர்மீது பாலியல் வன்முறை, ஆலோசனைக்கு வந்தவரைப் பயன்படுத்திக்கொள்வது எல்லாம் அன்றும் குருப்பட்டம் பறிபோகும் குற்றங்கள், இன்றும் அப்படியே. ஆண்–பெண் தம்பதிக்கு எந்த உண்மைத்தன்மை எதிர்பார்க்கப்பட்டதோ, அதையே மற்றவர்களுக்கும் நீட்டினார்கள்.

கே: ஒரு ஓட்டில் ஜெயித்தது என்று படித்தேன். வேறொரு இடத்தில் 55 சதவீதம் என்று இருக்கிறது. எது உண்மை? – ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, நாகர்கோவில்

ப: இரண்டும் உண்மை, ஆனால் இரண்டு வெவ்வேறு வாக்கெடுப்புகள். கணக்கு டீச்சர் என்பதால் முழுக் கணக்கையும் தருகிறோம். இந்த விஷயத்தில் இறையியலைவிடக் கணக்கைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் அதிகம்.

சமூக அறிக்கை நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது இஎல்சிஏவின் நிலையான விதி. ஆகஸ்ட் 19 அன்று ஆதரவு 676, எதிர்ப்பு 338. மொத்தம் 1,014. அதில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்: மிகச் சரியாக 676. ஆதரித்தவர்களில் ஒரே ஒருவர் எதிர்ப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் எட்டு வருட உழைப்பு அன்றே விழுந்திருக்கும்.

குருமார் பற்றிய தீர்மானங்கள் ஆகஸ்ட் 21 அன்று வந்தன. அவற்றுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒருவர் மனச்சாட்சியை ஒருவர் மதிப்போம் என்பதை முதலில் எடுத்தார்கள்: 771–230. விரும்பும் சபைகள் இத்தகைய இணையரை அங்கீகரித்துத் தாங்க வழிசெய்வோம்: 619–402. அவர்கள் போதகர்களாக ஊழியம் செய்ய வழி காண்போம்: 559–451. நடைமுறை விதிகளை மாற்றி எழுதுவோம்: 667–307. நீங்கள் படித்த 55 சதவீதம் மூன்றாவது வாக்கெடுப்பு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 559–451 என்பது மொத்தம் 1,010 ஓட்டு. இதற்கும் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டிருந்தால் 674 வேண்டும். 115 ஓட்டுக் குறைவாகத் தோற்றிருக்கும். அப்படி ஒரு விதி வேண்டும் என்று மாநாட்டின் முதல் நாளே, ஆகஸ்ட் 17 அன்று, நடைமுறை விதிகளை ஏற்கும்போது கேட்டார்கள். 436 பேர் வேண்டும் என்றார்கள், 584 பேர் வேண்டாம் என்றார்கள். மைக் முன்னால் வேதவசனம் வாசித்தது, கண்ணீர் விட்டது, ஜெபித்தது எல்லாம் அதற்குப் பிறகு. முடிவின் பாதி அந்த முதல் நாள் மாலையிலேயே ஆகிவிட்டது.

இது சூழ்ச்சியா என்று கேட்டால், இல்லை என்போம். அரசியலமைப்பைத் திருத்தவும் சமூக அறிக்கைக்கும் மட்டுமே அதிகப் பெரும்பான்மை என்று விதி இருந்தது. கொள்கைத் தீர்மானத்துக்கு இல்லை. ஆனாலும் ஒரு குறை உண்டு. அடித்தளமான அறிக்கைக்கு மூன்றில் இரண்டு, அதன்மேல் கட்டும் விதிக்குப் பாதிக்கு மேல் என்றால், தோற்றவர்களுக்கு வயிறு எரியாமல் இருக்காது. இந்த முரணை முன்கூட்டியே, சபை சபையாக உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். பல சபைகளுக்கு அது மாநாடு முடிந்த பிறகுதான் தெரிந்தது.

யார் ஓட்டுப் போட்டார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்போது இருந்த 65 சினாடுகளும் (இஎல்சிஏவின் வட்டாரப் பிரிவுகள்) தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பிரதிநிதிகள். அவர்களில் குறைந்தது 60 சதவீதம் குருப்பட்டம் பெறாத சாதாரண அங்கத்தினர்கள். அந்த 60 சதவீதத்தில் ஆண் பாதி, பெண் பாதி. ஆகவே ‘பேராயர்கள் கூடி முடிவெடுத்தார்கள்’ என்பது தவறு.

கே: ஏன் அவ்வளவு காலம் பிடித்தது? – ஒரு வாசகர், மதுரை

ப: முதல் முயற்சி அவசரத்தில் கெட்டது. 1993இல் வந்த வரைவு, சபைகளின் கைக்குப் போகுமுன் பத்திரிகைகளின் கைக்குப் போனது. போதகர்கள் செய்தித்தாளில் படித்துவிட்டுச் சபையாருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. அந்த வரைவு கைவிடப்பட்டது.

அடுத்த முறை வேறு வழியில் போனார்கள். 2001 மாநாடு ஆய்வுக்கு உத்தரவிட்டது. பாடப் புத்தகம் அச்சிட்டு சபைகளுக்கு அனுப்பி, வகுப்பு நடத்தச் சொல்லி, பதில் தாள்களைத் திரும்ப வாங்கினார்கள். சுமார் 28,000 வந்தன. அவற்றில் பெரும்பாலானவை மாற்றத்துக்கு எதிராகவே இருந்தன. 2005 ஆர்லாண்டோ மாநாட்டில், விதியில் விலக்கு தரும் ஏற்பாடு 490–503 என்று தோற்றது. 2007 சிகாகோவில், ‘ஆய்வு முடியும்வரை நடவடிக்கை எடுக்காமல் பொறுத்திருங்கள்’ என்று பேராயர்களைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் 538–431 என்று ஜெயித்தது. பிறகுதான் 2009.

கே: அறிக்கைக்கு ஓட்டுப் போட்ட அன்று சூறாவளி வந்து ஆலயக் கோபுரச் சிலுவையை உடைத்ததாமே. தேவ எச்சரிக்கை இல்லையா? – ஒரு வாசகி, சாயர்புரம்

ப: சூறாவளி வந்தது, மாநாட்டு மண்டபத்துக்கு எதிரே இருந்த சென்ட்ரல் லுத்தரன் ஆலயக் கோபுரம் சேதமானதும் உண்மை. எச்சரிக்கை என்று சொன்ன போதகர்களும் உண்டு. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, ‘அப்படியல்ல’ என்று சொன்ன பதில் லூக்கா 13இல் இருக்கிறது. எங்கள் பதிலும் அதுவே.

கே: ‘கட்டுண்ட மனச்சாட்சி’ என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். ஒரே சபையில் ஒருவர் பாவம் என்கிறார், ஒருவர் பாவமில்லை என்கிறார். இருவரும் சரி என்றால் வேதம் எதற்கு? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: இருவரும் சரி என்று 2009 சமூக அறிக்கை சொல்லவில்லை. இருவரும் வேதத்துக்குக் கட்டுப்பட்டே பேசுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

சொல் லுத்தருடையது. 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன், ‘என் மனச்சாட்சி தேவ வசனத்துக்குச் சிறைப்பட்டிருக்கிறது’ என்றார். கருத்து பவுலுடையது. விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணலாமா என்ற கேள்வி, 1 கொரிந்தியர் 8. நம் வீடுகளில் இது புத்தகக் கேள்வி அல்ல. பக்கத்து வீட்டம்மா கோயில் பிரசாதத்தைக் கிண்ணத்தில் மூடிக் கொண்டுவந்து நீட்டும்போது, அண்ணன் இரு கையால் வாங்குகிறார், தம்பி வாசலைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார். இருவரும் அதே வேதத்தைத்தான் படிக்கிறார்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்பது பவுலுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், உன் அறிவினாலே உன் சகோதரன் கெட்டுப்போகலாமா என்று பலமுள்ளவனைத்தான் கேட்டார்.

இஎல்சிஏ அறிக்கை நான்கு நிலைப்பாடுகளை வரிசையாக எழுதிவைத்தது. தன்பாலின உறவு பாவம், மனந்திரும்ப அழைக்க வேண்டும் என்பது ஒன்று. அது உடைந்த உலகத்தின் அடையாளம், திருமணத்துக்கு ஈடாகாது, ஆனாலும் அப்படி வாழ்பவர்களைச் சபை தாங்க வேண்டும் என்பது இன்னொன்று. வேதம் கண்டிப்பது இன்று நாம் பேசும் வாழ்நாள் உறவை அல்ல, ஆகவே ஜெபத்தால் சூழலாம், ஆனால் திருமணம் என்று அழைக்க வேண்டாம் என்பது மூன்றாவது. திருமணத்துக்குச் சமம், அதே ஒழுக்க அளவுகோல் என்பது நான்காவது. நான்கும் இந்தத் திருச்சபைக்குள் இருக்கின்றன, எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்று அச்சில் போட்டார்கள். ஒரு திருச்சபை தன் பெயரில் வெளியிடும் ஆவணத்தில் ‘நாங்கள் ஒத்துப்போகவில்லை’ என்று எழுதுவது லேசான காரியம் அல்ல. அந்த நேர்மையை நாங்கள் மனமார மதிக்கிறோம்.

இது நிற்பதற்கு ஒரு லுத்தரன் தூணும் உண்டு. 1530ஆம் வருட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7ஆம் பிரிவு, திருச்சபையின் ஐக்கியத்துக்குச் சுவிசேஷப் போதனையிலும் சாக்கிரமெந்துகளிலும் (ஞானஸ்நானம், திருவிருந்து) உடன்பாடு இருந்தால் போதும் என்கிறது. பாலியல் ஒழுக்கம் அந்த உடன்பாட்டுக்குள் வருமா, வெளியே நிற்குமா? உண்மையான சண்டை இதுதான். தன்பாலின உறவைக் கண்டிப்பதாக எடுத்துக்காட்டப்படும் ரோமர் 1ஐ நூறு முறை வாசித்தாலும் இந்தக் கேள்வியைத் தொடாமல் விவாதம் நகராது. ‘ஒழுக்கம் மீறினால் சுவிசேஷமே கெடுகிறது’ என்பவர்கள் வெளியேறினார்கள். ‘கிறிஸ்துவால்தான் இரட்சிப்பு, இதில் நாம் வேறுபடலாம்’ என்பவர்கள் தங்கினார்கள்.

எங்கள் குறை ஒன்றே. மனச்சாட்சியை மதிப்போம் என்று எழுதினார்களே தவிர, அன்றாடத்தில் எப்படி என்று எழுதவில்லை. மாற்றத்தை ஏற்காத போதகரைச் சினாடு கமிட்டிகளில் தொடர்ந்து அமர்த்துவார்களா? எந்தச் சபையிலிருந்தும் அழைப்பே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் தன்பாலீர்ப்புள்ள குருவுக்கு யார் பொறுப்பு? இரு பக்கமும் காயம் பட்டது இந்த எழுதாத இடங்களில்தான்.

கே: பேராயர் உத்தரவு போட்டு எந்தச் சபைக்கும் அப்படி ஒரு போதகரை அனுப்பலாம் அல்லவா? – சபைச் சங்கச் செயலாளர், காரைக்குடி

ப: முடியாது. நம் ஊரில் மாற்றல் உத்தரவு வந்ததும் ஐயர் பெட்டி கட்டுவதைப் பார்த்துப் பழகியதால் இப்படித் தோன்றுகிறது. அங்கே நியமனம் இல்லை, அழைப்புதான்.

ஒருவர் போதகராக வேண்டுமானால் முதலில் சினாட்டின் தேர்வுக் குழு மூன்று கட்டங்களில் அவரைப் பார்க்கும்: நுழைவு, இடைக்கால ஒப்புதல், இறுதி ஒப்புதல். பின்னணி விசாரணை, மனநல மதிப்பீடு உண்டு. இறையியல் பட்டப்படிப்பு வழக்கமாக நான்கு வருடம்; அதில் ஒரு வருடம் ஒரு சபையில் பயிற்சி. மருத்துவமனை போன்ற இடத்தில் மேய்ப்புப் பயிற்சி ஒரு கட்டம், 400 மணி நேரம். இணையரோடு வாழ்பவரானால் அந்த உறவு நாலு பேர் அறிந்த, பொறுப்பேற்ற உறவுதானா என்றும் பார்ப்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 ஜூனில் தீர்ப்பளித்தபின் எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி திருமணம் செய்ய வழி வந்துவிட்டதால் இந்தச் சோதனை எளிதாகிவிட்டது.

ஒப்புதல் கிடைத்தால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. காலியான சபை ஓர் அழைப்புக் குழு அமைத்து, தன் நிலையை விவரித்துப் படிவம் எழுதும். பேராயர் பெயர்களைத் தருவார். குழு நேர்காணல் செய்யும். பிறகு அதற்காகவே கூட்டிய சபைக் கூட்டத்தில் சீட்டு ஓட்டு. வந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால்தான் அழைப்புக் கடிதம். அதில் பேராயரும் கையெழுத்திடுவார். வேண்டாம் என்று நினைக்கும் சபையை யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. 451 பேர் எதிர்த்த தீர்மானம் நடைமுறையில் நின்றது இந்தச் சபைக் கூட்டத்தின் சீட்டுப் பெட்டியால்தான்.

கே: 2009க்கு முன் போதகர்களை எப்படி நீக்கினார்கள்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: எழுத்தில் குற்றச்சாட்டு, பிறகு விசாரணைக் குழு, பிறகு மேல்முறையீட்டுக் குழு. அதிகம் பேசப்பட்டது அட்லாண்டாவின் செயின்ட் ஜான்ஸ் சபைப் போதகர் பிராட்லி ஷ்மெலிங் வழக்கு. தனக்கு ஆண் துணை இருப்பதை அவரே பேராயரிடம் சொன்னார். 2007 தொடக்கத்தில் 12 பேர் கொண்ட குழு அவரை நீக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், விதியே சரியில்லை என்று நினைப்பதாகவும், தங்கள் கை கட்டப்படாதிருந்தால் நீக்கியிருக்க மாட்டோம் என்றும் எழுதியது. அவ்வருட மாநாடு விதியை மாற்றக்கூடும் என்பதற்காக, நீக்கம் ஆகஸ்ட் 15 முதல்தான் என்று நாளைத் தள்ளி வைத்தது. மேல்முறையீட்டுக் குழு அந்த நாளை ஜூலை 2க்கு முன்னே இழுத்துவிட்டது. சபை அவரைப் போகவிடவில்லை. 2010இல் அவர் பெயர் மீண்டும் குருமார் பட்டியலில் ஏறியது. தீர்ப்பு எழுதியவர்களுக்கே நம்பிக்கையில்லாத விதியை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

கே: வெளியேற நினைத்த சபைகளின் ஆலயக் கட்டடங்கள் யாருக்குப் போயின? – ஒரு வாசகர், திருநெல்வேலி

ப: கட்டடத்துக்கு முன் ஓட்டு. சிறப்புக் கூட்டம் முறைப்படி கூட்டி, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 10 நாளுக்குள் தீர்மான நகல் பேராயருக்கும், ஓட்டுரிமை உள்ள அங்கத்தினர்களுக்கும். அதன்பின் பேராயரோடு குறைந்தது 90 நாள் கலந்தாலோசனை. இன்னும் மனம் மாறவில்லையென்றால், 10 நாள் முன்னறிவிப்போடு இரண்டாவது கூட்டம், மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு. வேறொரு லுத்தரன் அமைப்பில் சேர்ந்தால் சொத்து பொதுவாகச் சபையிடமே நிற்கும். லுத்தரன் அல்லாத அமைப்புக்கோ தனிச் சபையாகவோ போனால் சினாட்டின் சம்மதம் வேண்டும். இஎல்சிஏ உருவான 1988க்கு முன் பழைய ‘அமெரிக்காவில் லுத்தரன் திருச்சபை’ அமைப்பில் இருந்த சபைகளுக்கும் சினாட்டின் ஒப்புதல் தேவை. அது பலருக்கு நினைவில்லாமல், கடைசி நேரத்தில் முட்டுக்கட்டையானது.

தவறுகள் எப்போதும் சின்ன விஷயத்தில்தான். அங்கத்தினர் பட்டியலைப் புதுப்பிக்காமல் கூட்டம் நடத்துவது. நகலைத் தபாலில் அனுப்பாமல் ஆராதனையில் அறிவித்துவிட்டு இருந்துவிடுவது. 90 நாள் முடியுமுன் இரண்டாவது ஓட்டுக்குத் தேதி குறிப்பது. கணக்கில் சறுக்குவது: 120 பேர் வந்த கூட்டத்தில் 80 வேண்டும், 79 வந்தால் தோல்விதான், ‘கிட்டத்தட்ட’ என்பது கிடையாது. அப்படித் தோற்ற சபைகள்தான் அதிகம் நொந்தன. பெரும்பான்மை போக விரும்புகிறது, போகவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாட வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்தன. 2010 ஆகஸ்டில் ஒகாயோ மாநிலத்தில் வட அமெரிக்க லுத்தரன் திருச்சபை பிறந்தது இவர்களில் ஒரு பகுதியினரால்.

கே: எங்கள் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை மிசௌரிக்காரர்கள் வைத்தது. நாங்களும் இந்த முடிவுக்குள் வருகிறோமா? – ஒரு வாசகர், ஆம்பூர்

ப: இல்லை. மிசௌரி சினாடு என்பது அமெரிக்காவிலேயே உள்ள வேறொரு லுத்தரன் திருச்சபை. பழைய நிலைப்பாட்டிலேயே நிற்கிறது.

கே: அப்படியானால் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை? – ஒரு வாசகி, பொறையார்

ப: அதையும் இது கட்டுப்படுத்தாது. இரு திருச்சபைகளும் அங்கம் வகிக்கும் லுத்தரன் உலக சம்மேளனம் ஓர் ஐக்கியம். அங்கத்துவத் திருச்சபைகளின்மேல் அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஆனால் உறவில் உரசல் வரும். நம் திருச்சபையோடு நெடுங்காலம் கைகோத்து வந்த ஸ்வீடன் திருச்சபை 2009 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை ஏற்றது. நம் முதல் பேராயர் ஹேமன் அவர்கள் அந்தத் திருச்சபைக்காரர்தான். எத்தியோப்பியாவின் மெக்கானே ஏசுஸ் திருச்சபை 2013இல் இஎல்சிஏவோடும் ஸ்வீடனோடும் உறவை முறித்துக்கொண்டது.

கே: என் மகள் மினசோட்டாவில் இருக்கிறாள். அவள் போகும் இஎல்சிஏ சபையின் போதகர் ஒரு பெண், துணைவியோடு வாழ்கிறார். பேரனுக்கு அவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். அது செல்லுமா? ராத்திரி தூக்கமில்லை. – ஒரு பாட்டி, திருச்சி

ப: செல்லும் அம்மா. தண்ணீர் இருந்ததா? பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்தார்களா? அவ்வளவுதான் வேண்டும். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 8ஆம் பிரிவு, சாக்கிரமெந்தின் பலன் கிறிஸ்துவின் கட்டளையிலிருந்து வருகிறது, கொடுப்பவரின் தகுதியிலிருந்து அல்ல என்கிறது. அந்தப் போதகரைப் பற்றி நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் இது மாறாது. மறுஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி உங்கள் ஐயரைக் கேட்காதீர்கள். லுத்தரன் போதகர் எவரும் கொடுக்க மாட்டார்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பேரன் பின்னாளில் இங்கே திடப்படுத்தலுக்கு வரக்கூடும். ஞானஸ்நான அத்தாட்சியை இப்போதே மகளிடம் சொல்லி வாங்கி வையுங்கள். அதில் குழந்தையின் முழுப் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி, சபையின் பெயர், போதகர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அத்தாட்சியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.